திறமையும் சம வாய்ப்பும்: திருகோணமலைப் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த வாரத்தில் திருகோணமலையில் இரண்டு வகைக் கேள்விகள் சேர்ந்தே எழும். ஒன்று கணக்கு: இந்த இசட் புள்ளிக்கு (மற்றவர்களிடையே எங்கே நிற்கிறார் என்று காட்டும் புள்ளி) எந்தத் துறை கிடைக்கும்? மற்றது நியாயம்: கொழும்பில் படித்த பிள்ளையைவிடக் குறைந்த புள்ளியோடு எங்கள் பிள்ளை போவது சரியா? கணக்குத் தெரியாமல் நியாயம் பேச முடியாது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் தருகிறோம்.

"திறமைக்கே முதலிடம்" என்பதும் "சம வாய்ப்பு" என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆளின் பிறப்பையும் வசதியையும் சிபாரிசையும் பார்க்காமல், வேலையைச் செய்யக்கூடியவருக்கே இடம் கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. இதைக் குறிக்கும் மெரிட்டோக்கிரசி என்ற சொல் உலகெங்கும் பரவக் காரணமானவர் பிரித்தானிய சமூகவியலாளர் மைக்கேல் யங். 1958 இல் அவர் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொன்னார். வென்றவர் எல்லாம் தன் உழைப்பால் வந்தது என்று நம்பிவிடுவார், தோற்றவரிடம் உன் குறைதான் என்று சொல்லிவிடுவார்கள் என்பதே அவருடைய கவலை.

சம வாய்ப்பில் இரண்டு படிகள் உண்டு. கதவு எல்லோருக்கும் திறந்திருப்பது முதற்படி. கதவுவரை நடந்து வர எல்லோருக்கும் பாதை இருப்பது இரண்டாவது. உயர்தரப் பரீட்சை முதற்படியை நிறைவேற்றுகிறது: ஒரே நாள், ஒரே வினாத்தாள், பெயர் தெரியாத சுட்டெண். ஆனால் பட்டினத்தில் மூன்று பாடத்துக்கும் ஆசிரியரும் ரியூசனும் உள்ள பிள்ளையும், வெருகலில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணையைக் கழித்த பிள்ளையும் அந்த வினாத்தாளுக்கு வந்த பாதை ஒன்றல்ல. ஒரே அளவு திறமையும் ஒரே அளவு முயற்சியும் உள்ள இருவருக்கு, எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பதால் வாய்ப்பு மாறக்கூடாது. 1971 இல் மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் நியாயமான சம வாய்ப்புக்குக் கொடுத்த வரையறையின் சாரம் அதுதான். நாங்களும் அந்த அளவுகோலையே பிடித்துக்கொள்கிறோம்.

எது திறமை என்பதை யார் தீர்மானிப்பது?

விதியை எழுதுகிறவர். இதற்குத் தமிழ் நிலத்திலேயே பழைய சான்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையைச் சொல்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். கையூட்டுக்கோ செல்வாக்குக்கோ அங்கே வழியில்லை. ஆனால் குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்பே வடிகட்டி விட்டார்கள்: கால் வேலிக்கு (வேலி ஒரு பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். குலுக்கல் சுத்தமானது. குடத்தின் வாய்தான் குறுகியது.

எந்தத் தெரிவு முறையைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்: தெரிவு நேர்மையாக நடந்ததா? தெரிவுக்குள் வருவதற்கான தகுதி நேர்மையாக வகுக்கப்பட்டதா? பலர் முதற் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக இடங்கள் இப்போது எப்படிப் பகிரப்படுகின்றன?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை ஒழுங்கில் போகும். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் சனத்தொகை விகிதப்படி பிரியும். எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு, அதுவும் சனத்தொகை விகிதப்படி. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய எட்டும் அந்த 16க்குள் அடக்கம். மற்றவை நுவரெலியா, அம்பாந்தோட்டை, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி.

கலைத்துறை இதற்கு விதிவிலக்கு. அங்கே மாவட்ட ஒதுக்கீடு கிடையாது, முழுவதும் அகில இலங்கைத் திறமை ஒழுங்குதான். மாவட்ட வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைக்கும் மிகக் குறைந்த இசட் புள்ளியை) நம்பிக் கலைப்பிரிவை எடுத்த பிள்ளைகள் ஏமாந்துபோவது இந்த ஒரு வரியை வாசிக்காததால்தான்.

அதில் திருகோணமலைக்கு எத்தனை இடம் வரும்?

கணக்குக்காக ஒரு துறைக்கு நாடு முழுவதும் 1,000 இடம் என்று வைத்துக்கொள்வோம். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம், நாட்டினது 2 கோடி 3 இலட்சத்துக்குச் சற்று மேல். ஆகவே எங்கள் பங்கு 1.9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மாவட்ட ஒதுக்கீட்டின் 550 இடத்தில் ஏறத்தாழ 10 எங்களுக்கு. 16 மாவட்டங்களின் மொத்தச் சனத்தொகையில் எங்கள் பங்கு நான்கரைச் சதவீதமளவு என்பதால், 50 விசேட இடத்தில் இரண்டு வரும். ஆக 12 அல்லது 13.

திறமை ஒழுங்கின் 400க்குள் எங்கள் மாணவர் வந்தால் அது இந்த 12க்கு மேலதிகம். மாவட்டப் பங்கில் கழிக்கப்படாது. முதலில் அகில இலங்கைப் பட்டியல் நிரம்பும், அதற்குப் பிறகே மாவட்டப் பட்டியல். பின்தங்கிய மாவட்டத்துக்குச் சலுகை என்று பேச்சு எழும்போதெல்லாம் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்: ஆயிரத்தில் இரண்டு. மற்ற 10 இடமும் சலுகை அல்ல, கொழும்புக்கும் கண்டிக்கும் போலவே சனத்தொகைக்கு உரிய பங்கு.

இது இன ஒதுக்கீடா?

இல்லை. அலகு மாவட்டம் மட்டுமே. மூதூர், கிண்ணியா, கந்தளாய், சேருவில, பட்டினம் எங்கே படித்தாலும், எந்த மொழிமூலத்தில் எழுதினாலும் திருகோணமலை மாணவர் எல்லோரும் ஒரே மாவட்டப் பட்டியலில்தான் வருவார்கள். தமிழருக்கு இத்தனை, முஸ்லிம்களுக்கு இத்தனை, சிங்களவருக்கு இத்தனை என்று ஒரு பிரிப்பும் அங்கே இல்லை.

இசட் புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது?

ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்த ஆண்டு அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய இடையை, அதாவது சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்துக் கூட்டி மூன்றால் வகுத்தால் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்துக்கு அச்சாகும் எண் வரும்.

எண்களைக் கற்பனையாக வைத்துச் செய்து பார்ப்போம். இரசாயனவியல் 62, இடை 42, நியம விலகல் 18: 20 ஐ 18 ஆல் வகுக்க 1.1111. பௌதிகவியல் 55, இடை 40, விலகல் 15: 1.0000. உயிரியல் 70, இடை 55, விலகல் 12: 1.2500. கூட்டினால் 3.3611, மூன்றால் வகுக்க 1.1204.

உயிரியலில் 70 எடுத்ததால் அது இரசாயனவியலைவிடப் பெரிய வெற்றி என்று தோன்றும். ஆனால் இடைக்கு மேலே எடுத்த புள்ளியை மட்டும் பார்த்தால் இரசாயனவியலில் 20, உயிரியலில் 15தான். விலகல் சிறியதாக இருந்ததால் உயிரியல் முந்தியது. புள்ளி எத்தனை என்பதைவிட, அந்தப் பாடத்தைச் செய்த மற்றவர்களிடையே எங்கே நிற்கிறார் என்பதே கணக்கு. இடைக்குக் கீழே இருந்தால் பெறுமதி மறையாகும். அதைப் பார்த்துச் சித்தியில்லை என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சித்தி வேறு, இசட் வேறு. விண்ணப்பிக்கும் அடிப்படைத் தகைமை ஒரே தடவையில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும்.

நேரடியாகப் புள்ளியைக் கூட்டினால் என்ன? ஏன் இந்தச் சுற்றுவழி?

இணைந்த கணிதமும் உயிரியலும் ஒரே கடினம் அல்ல. விருப்பப் பாடங்களிலும் அப்படித்தான். மொத்தப் புள்ளியைக் கூட்டினால், அந்த ஆண்டு வினாத்தாள் இலேசாக அமைந்த பாடத்தைத் தெரிவுசெய்தவர் உழைப்பின்றி மேலே போவார். இதைச் சரிசெய்யவே 2001 இல் இசட் முறை வந்தது.

அது எங்கே பிழைக்கும் என்பதையும் நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2011 பரீட்சையில் பழைய பாடத்திட்டத்துக்கும் புதிய பாடத்திட்டத்துக்கும் வெவ்வேறு வினாத்தாள் இருந்தும், இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் கணித்தார்கள். 2012 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பை இரத்துச் செய்து, இரண்டு தொகுதிக்கும் தனித்தனியே கணிக்கும்படி உத்தரவிட்டது. ஒரே தாளை எழுதியவர்களை மட்டும்தான் ஒரே இடையோடு ஒப்பிடலாம். எளிய புள்ளிவிபர விதிதான். ஆனால் அதை மீறியதால் ஒரு தொகுதி மாணவர் முழுவதும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

எழுபதுகளின் தரப்படுத்தலும் இதுவும் ஒன்றா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும். காயம் இன்னும் ஆறவில்லை.

முதலில் வந்தது மொழிமூலத் தரப்படுத்தல். 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400க்குச் சிங்கள மொழிமூல மாணவருக்குக் குறைந்தபட்சம் 229, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. ஒரே துறைக்கு, எழுதிய மொழியைப் பார்த்து வேறு வேறு வாசல். பாடசாலையில் என்ன வசதி இருந்தது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. அது பாகுபாடு. வேறு பெயர் அதற்குப் பொருந்தாது.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. அதனால் அதிகம் இழந்தவை யாழ்ப்பாணமும் கொழும்பும். ஆனால் திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு அதுவரை எட்டாத துறைகள் எட்டின. அகில இலங்கைத் திறமை ஒழுங்குக்கும் மாவட்டங்களுக்கும் எத்தனை பங்கு என்ற விகிதம் அதன்பின் பல முறை மாறி, இப்போதைய 40, 55, 5 இல் நிற்கிறது.

ஆகவே மொழியைப் பார்த்து வாசலை உயர்த்தியதும், இடத்தின் பின்னடைவைப் பார்த்துப் பங்கு ஒதுக்கியதும் ஒன்றல்ல. முன்னதை எதிர்க்கிறவர் பின்னதையும் எதிர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் எங்கள் வீடுகளில் வாதம் ஒரு முடிவுக்கும் வராமல் போகிறது.

சரி, மாவட்ட ஒதுக்கீடு உண்மையில் பின்தங்கிய பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா?

பாதிதான் சேர்கிறது. இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. ஒதுக்கீடு அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டினத்தின் பெரிய கல்லூரியில் படித்தவரும், வெருகலிலோ கோமரங்கடவலயிலோ படித்தவரும் ஒரே 12 இடத்துக்கு ஓடுகிறார்கள். மாவட்டம் பின்தங்கியது என்ற கணக்கில் கிடைத்த இடத்தை, மாவட்டத்துக்குள் பின்தங்காதவர் எடுத்துக்கொள்கிறார். அவர் மேல் குற்றமில்லை. அளவுகோல்தான் பெரிது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. பங்கு பிரிவது சனத்தொகைப்படி, விஞ்ஞானப் பிரிவில் தோற்றுவோர் எண்ணிக்கைப்படி அல்ல. பாடசாலைகளில் 1ஏபி வகையில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும்தான், வகை 2 தரம் 11 உடன் முடிந்துவிடும், வகை 3 ஆரம்பப் பாடசாலை. வகை 2 பாடசாலைப் பிள்ளையும் சனத்தொகையில் ஒருவராக எண்ணப்பட்டு மருத்துவ பீட இடத்துக்குக் கணக்குச் சேர்க்கிறார். ஆனால் அருகில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைக்குப் போகிறார். அவர் சேர்த்த இடத்தை 1ஏபி பாடசாலை மாணவர் எடுப்பார். கலையிலோ மாவட்ட ஒதுக்கீடே இல்லை. இரண்டு பக்கத்தாலும் இழப்பவர் அந்தப் பிள்ளைதான்.

தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் மாணவர் பட்டினத்துக்கு வந்து போனார்கள். அந்தப் பாலத்தைச் சம வாய்ப்புத் திட்டம் என்று யாரும் அழைக்கவில்லை. பின்னேர வகுப்புக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பப் பாதை கிடைத்தது அதனால்தான். இப்போதும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இசட் புள்ளியைத் தொடுகிற விடயம்.

மூன்று தடவை தோற்றலாம் என்ற விதியும் அப்படித்தான். எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் மூன்றாவது தடவைவரை பிள்ளையை உழைக்கப் போகாமல் வீட்டில் வைத்துப் படிப்பிக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

அப்படியானால் ஒதுக்கீட்டை எடுத்துவிடலாமா?

எடுத்தால் வெருகல் பிள்ளைக்கு இருக்கிற பாதியும் போகும், பட்டினப் பிள்ளைக்கும் குறையும். அலகைச் சிறிதாக்குவதே சரியான திசை என்பது எங்கள் கருத்து. மற்ற இடங்களில் செய்து பார்த்த வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் 2020 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, நீட் என்ற இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997 இல், ஒவ்வொரு உயர்பாடசாலையிலும் முதல் 10 சதவீதத்துக்குள் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதியை உறுதிசெய்தது. இரண்டிலும் அலகு பாடசாலை. எங்களிடம் பாடசாலை வகைப்படுத்தல் ஏற்கெனவே இருக்கிறது. 5 சதவீத விசேட இடங்களையாவது மாவட்டத்தோடு பாடசாலை வகையையும் பார்த்துப் பகிர முடியும்.

ஆனால் பதின்மூன்றாம் தரத்தின் முடிவில் கொடுக்கிற எந்த ஒதுக்கீடும் ஆறாம் தரத்தில் வராத ஆசிரியருக்கு ஈடாகாது.

குறைந்த புள்ளியோடு போகிறவரால் தரம் குறையாதா?

ஒதுக்கீடு வாசலில் மட்டும்தான். உள்ளே எல்லோருக்கும் ஒரே பரீட்சை, ஒரே சித்திப் புள்ளி. பட்டத்துக்கு மாவட்டம் கிடையாது.

எந்த மாவட்டத்தில் என்னைச் சேர்ப்பார்கள்?

பாடசாலை மாணவருக்கு, பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதே அடிப்படை. நிரந்தர முகவரியோ பிறந்த ஊரோ அல்ல. தம்பலகாமத்து வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உயர்தரம் படிக்க அனுப்பும்போது, நல்ல ஆசிரியரோடு மாவட்டமும் மாறக்கூடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். இடையில் பாடசாலை மாறியவரும் தனிப்பட்ட பரீட்சார்த்தியும் அந்த ஆண்டின் அனுமதிக் கைநூலில் மாவட்டம் தீர்மானிக்கும் பிரிவை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். விடுகைப் பத்திரங்களில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள். திகதி முரண்பட்டால் விளக்கம் கேட்பார்கள், அதற்குள் நாட்கள் ஓடிவிடும். பொய் மாவட்டம் காட்டினால், பிறகு தெரியவந்தாலும் அனுமதி இரத்தாகும்.

விண்ணப்பத்தில் அதிகம் நடக்கும் பிழைகள் என்ன?

பெரிய பிழை விருப்ப ஒழுங்கு. கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போடுகிறார்கள். முறை அப்படி வேலை செய்வதில்லை. உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, புள்ளி எட்டுகிற முதல் துறையைத் தருவார்கள். மேலே உள்ளது எட்டாவிட்டால் அதற்காக ஒன்றும் இழப்பதில்லை. ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அந்த ஒழுங்கில் எழுதுங்கள். கிடைக்கக்கூடியதைக் கீழே பாதுகாப்புக்குச் சேருங்கள். போகவே மாட்டேன் என்கிற துறையைப் பட்டியலில் போடாதீர்கள். பதிவுசெய்துவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கும் வழி அடைபடும்.

அடுத்தது உளச்சார்புப் பரீட்சை. கட்டடக்கலை போன்ற சில துறைகளுக்கும், மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசை, நடனத் துறைகளுக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது. உரிய பல்கலைக்கழகமோ நிறுவகமோ தனியாக அறிவித்தல் விட்டுப் பரீட்சை வைக்கும். பொது விண்ணப்பத்தில் குறித்துவிட்டுத் தனி விண்ணப்பத்தை மறந்தவர் அந்தத் துறையை இழப்பார்.

மூன்றாவது, கையில் தொலைபேசி மட்டும் உள்ள பிள்ளை தொடர்பு நிலையத்தில் காசு கொடுத்து விண்ணப்பம் நிரப்புவது. நிரப்பட்டும். ஆனால் பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் எல்லாம் பிள்ளையின் சொந்தமாக இருக்க வேண்டும், அச்சுப்படி ஒன்று கையோடு வர வேண்டும்.

முதலாம் தரத்திலும் ஐந்தாம் தரத்திலும் சம வாய்ப்பு உண்டா?

பிரபல பாடசாலைகளின் முதலாம் தர அனுமதிக்கான தேசிய சுற்றறிக்கையைப் பாருங்கள். அருகில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியருக்கு 5, இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்கு 1. ஐந்து வயதுப் பிள்ளையின் திறமை இதில் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் தகப்பன் எங்கே படித்தார் என்பதற்கு நான்கில் ஒரு பங்கு. மாவட்ட ஒதுக்கீடு திறமைக்கு எதிரானது என்று வாதிடுகிறவர்கள் இந்த 25 சதவீதத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் வேறுபடும். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பதும் நல்ல பாடசாலைக்கு வழி திறப்பதும் அதன் நோக்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் வகுப்பு வைத்து அதைப் பணப் போட்டியாக்கியது நாங்கள். பரீட்சைக்கு முந்தைய ஒன்பது மாதம் பழைய வினாத்தாள்களைக் கிழமைக்கு ஒன்றாகச் செய்து, பிழைத்ததை மறுநாள் திருத்தினாலே போதிய பயிற்சி கிடைக்கும். நித்திரையைக் குறைக்காதீர்கள்.

பாடசாலையில் ஆசிரியர் இல்லை. பெற்றோர் என்ன செய்யலாம்?

குறையைச் சொல்வதைவிட எண்ணைக் கேட்பது பலிக்கும். எங்கள் மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்கள் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். உங்கள் பாடசாலை மாகாணப் பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனையிடமும் அதற்கு மேலே மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும், தேசிய பாடசாலை என்றால் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சிடம். பிழையான இடத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் கிடக்கும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை: பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று கடமையில் உள்ளோர் எத்தனை, வேறிடத்துக்கு இணைக்கப்பட்டோர் எத்தனை, கடந்த மூன்று ஆண்டில் வெற்றிடம் எத்தனை மாதம் நீடித்தது. அதே விபரத்தை வலயத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் கேளுங்கள். ஒரு பாடசாலையில் ஒரு பாடத்துக்கு மூவர், இன்னொன்றில் ஒருவருமில்லை என்று ஒரே தாளில் வரும்போது, ஆசிரியர் பற்றாக்குறை என்ற பொதுப் பதில் நிற்காது. அது பகிர்வுக் குறை என்று தெரிந்துவிடும்.

தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் திருப்தியில்லையேல் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்ட அறிக்கையில் தீர்மானமாகப் பதிந்து அனுப்பினால் வலு கூடும்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால்?

உயர் தொழில்நுட்ப நிறுவகங்களின் உயர் தேசிய டிப்ளோமா, தொழில்நுட்பக் கல்லூரிப் பயிற்சிகள், திறந்த பல்கலைக்கழகம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேசிய தொழிற்தகைமை மட்டம் 1 முதல் 7 வரை ஏறுகிறது: 5 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். மட்டம் 5 உடன் வாழ்க்கைத் தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு (யுனிவொடெக்) விண்ணப்பிக்கலாம். சேரும் முன் கேட்க வேண்டிய ஒன்று: இந்தச் சான்றிதழில் தேசிய மட்ட எண் அச்சாகுமா? எண் இல்லாத சான்றிதழுக்குப் பெரிய கட்டணம் கட்டிய பிள்ளைகள் அடுத்த படிக்கு ஏற முடியாமல் நிற்கிறார்கள்.

சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆட்சேர்ப்பில் எப்படி நியாயமாக நடப்பது?

விளம்பரத்துக்கு முன்பே வேலைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று நான்கைந்து வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறியுங்கள். கணக்கெழுதும் வேலைக்குச் சரளமான ஆங்கிலம் கேட்டால், அது தேவையா பழக்கமா என்று யோசியுங்கள். விளம்பரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள். தெரிந்தவர் மூலம் மட்டும் சொல்லியனுப்பினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் உறவுகள்தான் வரும். விண்ணப்பித்த எல்லோருக்கும் அரை மணி நேர வேலைப் பரிசோதனை ஒன்று கொடுங்கள்: பத்துப் பற்றுச்சீட்டைப் பதியச் சொல்லலாம், ஒரு வாடிக்கையாளர் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதச் சொல்லலாம். அதைப் பெயரை மறைத்துத் திருத்துங்கள். நேர்முகத்தில் எல்லோரிடமும் அதே கேள்விகளை, அதே ஒழுங்கில் கேட்டு, இருவர் தனித்தனியே புள்ளி போட்ட பிறகே பேசுங்கள். முதலில் பேசினால் மூத்தவர் சொன்னதே புள்ளியாகிவிடும். எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது பள்ளி, கலியாணம் எப்போது என்ற கேள்விகளை விடுங்கள். வேலைக்கு அவை தேவையில்லை, மனதை மட்டும் சாய்க்கும்.

அரச வேலையில் பாகுபாடு நடந்தால் யாரிடம் போவது, எத்தனை நாளுக்குள்?

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தையும், இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டாமையையும் உறுதிசெய்கிறது. பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று அதே உறுப்புரையின் 4 ஆம் பிரிவு சொல்கிறது. அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988 இன் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை உண்டு. விண்ணப்பிக்கும்போது அதை மேற்கோள் காட்டுங்கள், தானாக யாரும் நினைவூட்டமாட்டார்கள்.

அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் இட வேண்டும். பல வழக்குகள் தோற்பதற்கு முன்பே முடிந்துபோவது இந்த ஒரு மாதத்தில்தான். திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தே காலம் போய்விடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். கூடவே தெரிவுப் புள்ளித்திட்டத்தையும் உங்கள் நேர்முகப் புள்ளிகளையும் தகவலறியும் விண்ணப்பத்தின் மூலம் அதே கிழமையில் கேட்டுவிடுங்கள். விளம்பரத்தின் பத்திரிகைத் துண்டு, அழைப்புக் கடிதம், நேர்முகத்துக்குப் போன திகதி, முடிவு கைக்கு வந்த திகதி ஆகிய நான்கும் ஒரே கோவையில் இருந்தால், சட்டத்தரணி முதல் நாளிலேயே மனு எழுதத் தொடங்கலாம்.